என் பியானோவை எடுத்தது யார்?

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு ஒரு பீட்டை, அதாவது ராப் பாட்டுக்குப் பின்னால் ஓடும் இசையை, முடித்தேன். இதற்கு முன் போட்டவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அவை ஹிப்-ஹாப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இது மட்டும் உருப்படி. எனக்குப் பியானோ வாசிக்க வராது. இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிய ஒரு தொகுப்பில் சோகமான ஒரு பியானோத் துண்டு இருந்தது. அதை எடுத்து, வேகத்தைக் குறைத்து, அடியில் டிரம் போட்டேன். யாரோ கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போவது போல இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் போட்டுக் காட்டினேன். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பதுதான் என் கணவருக்கு வேலை, அதை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "சூப்பர்" என்றார். பீட் இன்னும் பாதிகூட ஓடவில்லை. போன பீட்டுக்கும் இதே சூப்பர்தான். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தபோதும் இதேதான். எல்லாவற்றையும் சூப்பர் என்கிற மனிதர் எதையோ மறைக்கிறார்.

மார்ச் 6, வெள்ளி

பீட் போடுகிறவர்களின் குரூப் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒரு விதி: உன் பீட்டுக்குக் கருத்து வேண்டுமானால் முதலில் வேறு இருவரின் பீட்டைக் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். நான் இரண்டு பேருக்கும் "நல்லா இருக்கு" என்று தட்டிவிட்டு என்னுடையதைப் போட்டேன். கேட்கவில்லை. நேரமில்லை.

குரூப்பில் ஒரு பெண் ராப் பாடுகிறாள். பகலில் பேக்கரியில் வேலை, அதனால் எல்லோருக்கும் பேக்கரிக்காரி. அவளுடைய முதல் பாட்டுக்கு பீட் தேடுகிறாள், அடுத்த மாதக் கடைசிக்குள் தேர்ந்தெடுப்பாளாம். குரலைக் கேட்டேன். மிரட்டுகிறாள். என் பீட்டின் மேல் அந்தக் குரல் ஏற வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை. பெரிய கடை ஒன்றின் கேமரா அறைக்குள் உட்கார்ந்து, யார் எதைச் சட்டைக்குள் போடுகிறார்கள் என்று நாளெல்லாம் பார்க்கிற எனக்கு இந்த ஒன்றாவது கிடைக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஒரே ஒரு ஆள் பதில் எழுதியிருக்கிறார். பெயர் கிடையாது, ஆந்தைப் படம்தான்.

"கிக் டிரம்மும் பேஸ் சத்தமும் முட்டிக்குது. ரெண்டுல ஒண்ணு வழி விடணும். பாதிக்கு மேல எதுவும் மாறல, கேக்கறவங்க எழுந்து போயிடுவாங்க. பியானோ உங்களோடதா? எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

முன்பின் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவு எழுத இவருக்கு என்ன அவசியம்? வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தார்கள்: முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். ஆந்தைக்குக் கையே தெரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

சும்மா ஒரு சோதனைக்காக, கிக் விழும் இடத்தில் பேஸைக் குறைத்துப் பார்த்தேன். பீட் மூச்சு விடுகிறது.

இது இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

"முட்டிக்குது", "வழி விடணும்". லிஃப்ட் கதவு பற்றிப் பேசும்போது நம் வீட்டுக்காரர் இப்படித்தானே பேசுவார்? அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்துப் பார்த்தேன். ஆந்தையும் இல்லை, குரூப்பும் இல்லை. லிஃப்ட் மோட்டார் படங்கள்தான் வரிசையாக. நடுவில் என் முதுகு, ஹெட்போனோடு. நான் பீட் போடும்போது பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்.

இதை எதற்கு எடுத்து வைத்திருக்கிறார்?

மார்ச் 15, ஞாயிறு

முன்ஜாக்கிரதையாக, பீட்டின் மேல் என் குரலிலேயே "இது என் பீட்" என்று பதிந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வரும்படி வைத்துக் குரூப்பில் போட்டேன். இனி எவனும் அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது.

பேக்கரிக்காரி எழுதினாள்: "அக்கா, பீட்டைக் கேக்க விடாம ஒரு அம்மா கத்திக்கிட்டே இருக்காங்க. அதை எடுத்துட்டுப் போடுங்க, ஆசையா இருக்கு."

ஆசையா இருக்காம்! எடுத்துவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

கை வெளியே வந்துவிட்டது. ஆந்தை தனியாக எழுதியிருக்கிறார்: "இன்னும் எங்கயோ இடிக்குது. டிரம்மையும் பியானோவையும் தனித்தனியா அனுப்புங்க, எதுன்னு பார்த்துச் சொல்றேன்."

தனித்தனியாகவா? பீட்டைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? எனக்கென்ன காதில் பூவா சுற்றியிருக்கிறது? டிரம்மை மட்டும் அனுப்பினேன்.

"பியானோவும் வேணும்ங்க. அது இல்லாம நான் என்ன சொல்றது?" என்றார்.

பதில் எழுதவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பேக்கரிக்காரியும் அதையே சொல்கிறாள், என்னவோ கலங்கலாக இருக்கிறதாம், பாட இடமில்லையாம். சரியானால் யோசிப்பாளாம். மனம் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பியானோவையும் அனுப்பினேன்.

நாளைக்கே பக்கம் பக்கமாக எழுதுவார் பார்.

மார்ச் 23, திங்கள்

எழுதியிருக்கிறார். பக்கம் பக்கமாகத்தான். பியானோவின் கீழ்ச் சத்தத்தை வெட்டச் சொன்னார். வெட்டினேன். சரியாகிவிட்டது. கடைசியில், "இந்தத் துண்டையே நம்பாதீங்க. ரெண்டு சுரமா இருந்தாலும் சொந்தமா போட்டுப் பாருங்க" என்றும் சேர்த்திருக்கிறார்.

ஓ. என் பியானோவை நான் விட்டுவிட வேண்டுமாக்கும்?

ஏப்ரல் 1, புதன்

வேலைக்கு நடுவில் சாப்பிட எழுந்து, கேமரா அறையிலிருந்து கீழே போனேன். சோப்பு அடுக்கியிருக்கும் வரிசை வழியாக நடக்கிறேன், கடையின் ஸ்பீக்கரில் ஏதோ பாட்டு. எவனோ ராப் பாடுகிறான். பின்னால் பியானோ.

என் பியானோ. அதே படி, அதே கோபம். என் பியானோங்க அது! நான் கட்டினது, நான் ராப்பகலா உக்காந்து கட்டினது. அனுப்பி எத்தனை நாள் ஆச்சு? அதுக்குள்ள வித்துட்டானே! பியானோ வேணும், பியானோ வேணும்னு நச்சரிச்சது இதுக்குத்தானா? எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் குடுத்தேனே, என்னைச் சொல்லணும்.

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

குரூப்பில் எல்லோர் முன்னாலும் போட்டேன். பாட்டை ஒரு பக்கம், என் பீட்டை ஒரு பக்கம், ஆந்தை பியானோ கேட்டு எழுதியதை நடுவில். கீழே: "கருத்துச் சொல்கிற சாக்கில் திருடுகிற ஆள் இவர்." கையும் களவுமாகப் பிடித்த திருப்தி. கடையில்கூட எனக்கு இப்படி ஒரு கேஸ் அமைந்ததில்லை.

ஆந்தை ஒரே வரி எழுதினார்: "முதல் நாளே கேட்டேனே, பியானோ உங்களோடதா, இல்லையான்னு."

அதோடு குரூப்பை விட்டுப் போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன?

பின்னால் எழுதுவது. பேக்கரிக்காரி வரிசையாகப் பாட்டுகளை எடுத்துப் போட்டாள். எல்லாவற்றிலும் அதே பியானோ. ஒரு பற்பசை விளம்பரத்தில்கூட. சோப்பு வரிசையில் நான் கேட்ட பாட்டு போன வருஷமே வந்ததாம். "அக்கா, இது இலவசத் தொகுப்புல வர்ற துண்டு. ஆரம்பத்துல எல்லாரும் எடுக்கறதுதான். நீங்க எங்கேர்ந்து எடுத்தீங்க?"

இறக்கியது நான். எந்த ஃபோல்டர் என்றுகூடத் தெரியும். எப்போது அது என் பியானோ ஆனது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

குரூப்பில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அக்கா, விடுங்க" என்று நிறைய வந்தது. ஆந்தைக்குத் தனியாக எழுதினேன். போகவில்லை. கணக்கையே மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் எனக்கு எழுதியதையெல்லாம் மறுபடி படித்தேன். ஒரு இடத்தில்கூடத் தன் பீட்டைக் கேட்டுச் சொல் என்று கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. அவர் பீட் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 18, சனி

அந்தப் பியானோவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்தேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு மெட்டு. சின்னப்பிள்ளை தட்டியது போலத்தான் இருக்கிறது. டிரம்மும் என்னுடையது. குறைந்தபட்சம் சோப்பு வரிசையில் கேட்காது.

குரூப்பில் போட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

"சூப்பர் அக்கா."

"செம."

"வேற லெவல்."

ஒருவர் விடாமல் பாராட்டு. எனக்கே தெரிகிறது, கிக் எங்கேயோ பள்ளத்தில் கிடக்கிறது, முடிவு இழுக்கிறது. ஒரு ஆள் சொல்லவில்லை. வழக்கமாக எல்லோரையும் போட்டுக் கிழிக்கிற பேக்கரிக்காரிகூட ஒரு கைதட்டல் படத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

தனியாகக் கேட்டேன், உண்மையைச் சொல் என்று. "நல்லாத்தான் இருக்கு அக்கா. எனக்கு எதுக்கு வம்பு?" என்றாள்.

ஏப்ரல் 29, புதன்

பேக்கரிக்காரி வேறு ஒருவரின் பீட்டை எடுத்துக்கொண்டாள். கேட்டேன். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. எந்த இடத்தில் நன்றாக இருக்கிறது என்று அவருக்கு நீளமாக எழுதினேன். நன்றி என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. என்னிடம் அவருக்குப் பயம்.

மே 3, ஞாயிறு

மனது கேட்காமல் வீட்டுக்காரரிடம் அந்தப் புது பீட்டைப் போட்டுக் காட்டினேன். இந்த முறை முடிகிற வரை கேட்டார். "சூப்பர்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சூப்பர்தான்."

"சொல்லுங்க."

"சொன்னா, யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேப்ப."

பத்து வருஷமாக இந்த மனிதர் இதற்குப் பயந்துதான் சூப்பர் சொல்லிக்கொண்டிருந்தாரா?

"கேக்க மாட்டேன்" என்றேன்.

நடுவில் ஓரிடத்தைக் காட்டி, "இங்க போரடிக்குது" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தாலும் அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். "இப்பத் தேவல" என்றார். பிறகு கிக்குக்கு வந்தார், பிறகு முடிவுக்கு. பிறகு பீட்டை விட்டுவிட்டு, காலையில் நான் கதவை அறைந்து சாத்துவதைப் பற்றிச் சொன்னார், குழம்பில் உப்பு கூடிப்போவதைப் பற்றிச் சொன்னார், அவர் தங்கை வந்திருந்தபோது நான் பேசிய ஒரு பேச்சைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன்.