பம்பாய்க்குக் கால் டிக்கெட்

11.11.91, திங்கள்

விடாத மழை. படப்பை ரோட்டில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் பாதிதான் வந்தார்கள். சத்துணவுக்கு அளந்து போட்ட அரிசி பதினோரு கிலோ. மூட்டையில் வண்டு. சமையல் குப்பம்மா புடைத்துக்கொண்டே யாரையோ திட்டித் தீர்த்தாள்.

டாக்டர் என்னிடம் சொல்லி இன்றோடு ஆறு நாள். என் வீட்டுக்காரர் தொண்டையில் இருப்பது அதுதான். என்னிடம் மட்டும்தான் சொன்னார். பம்பாயில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே என்னவோ மிஷின் இருக்கிறதாம், ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார். கொழுந்தன் அந்த ஊரில்தான். தங்க இடம் பிரச்சினை இல்லை. வீட்டுக்காரரிடம், "சாதாரணக் கட்டிதான், அங்க கரைச்சிடுவாங்களாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏன் மறைக்கிறேன் என்று எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன். போன வருஷம் மணிமங்கலத்தில் அவருடைய சிநேகிதர் இதே வியாதியில் போனார். சாவு வீட்டிலிருந்து வந்து குளிக்கும்போது சொன்னார்: "எனக்கு வந்தா நான் எங்கயும் வர மாட்டேன். கீறத பொண்ணுக்கு வெச்சிட்டு வூட்லயே கெடப்பேன்." சொன்னால் செய்கிற ஆள். தெரிந்தால் ரயில் ஏற மாட்டார்.

விசாரிக்க:
– பதிவு இல்லாத பெட்டி? ஒரு பகல், ஒரு ராத்திரி. அவரால் உட்கார முடியாது. அடித்துவிட்டேன்.
– தாம்பரத்தில் ஒருவன் மலிவாக டிக்கெட் தருகிறானாம்.
– சென்ட்ரலில் நேராகக் கேட்பது.
– குடைக்குக் கம்பி.

12.11.91, செவ்வாய்

சி.எல். போட்டேன். தலைமையாசிரியர் முகம் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

தாம்பரத்து ஆள் டீக்கடை வாசலில் நின்றான். அவன் கையில் இருந்தது யாரோ ஒருத்தனுக்கு எடுத்த டிக்கெட். வயது இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறது. "கேட்டா ஆமான்னு சொல்லிடுக்கா. எவன் பாக்கறான்?" நரைத்த தலை, ஒட்டிய கன்னம், இருபத்திரண்டு வயது! வேண்டாம் என்று எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்தேன். பார்க் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரலுக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

ஜன்னலில் முழு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, திறந்த பர்ஸை மூடினேன்.

"இதுக்குக் கொறச்சலா எதுவும் இல்லீங்களா?"

"எதுக்குப் போறீங்க?"

"வைத்தியத்துக்கு."

"இன்னா வியாதி? சிலதுக்குச் சலுகை இருக்கும்மா. பேரு சொல்லு."

எனக்குப் பின்னால் பெரிய வரிசை. சொன்னேன். கேட்கவில்லை என்று காதைக் காட்டினார். கண்ணாடி தாண்டிக் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னேன். அந்தப் பேரை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. வரிசையில் பேச்சு நின்றது. அவர் மட்டும் முகம் மாறாமல் ஒரு ஃபாரத்தைத் தள்ளினார்.

"ஆஸ்பத்திரில கையெழுத்து, சீல் வாங்கினு வா. கால்வாசி சார்ஜ்தான். கூடப் போற ஒருத்தருக்கும் கால்வாசி. ரெண்டு பேரும் சேந்து அரை டிக்கெட்டு காசுல போய்டலாம்."

சந்தோஷப்பட்டேன். இது யாரும் படிக்கப்போவதில்லை, எழுதுகிறேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், சட்டென்று, சேலைத் தள்ளுபடி பார்த்த மாதிரி. திரும்பும்போது அதை நினைத்து என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

14.11.91, வியாழன்

குழந்தைகள் தினம். ஆளுக்கு ஒரு மிட்டாய். ஒரு வாண்டு மூன்று தடவை வரிசையில் வந்தான், விட்டுவிட்டேன். மதியம் ஆஸ்பத்திரி. கையெழுத்து ஆயிற்று, சீல் ஆயிற்று. ஃபாரத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் அந்த வார்த்தை.

வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். காகிதம் என்று எது கிடைத்தாலும் முன்பக்கம் பின்பக்கம் படிக்காமல் கீழே போட மாட்டார். சுண்டல் மடித்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிப்பார். ஆகவே ஃபாரம் பள்ளிக்கூடத்திலேயே, சத்துணவு முட்டைக் கணக்கு எழுதும் நோட்டுக்குள்.

குப்பம்மா: "இன்னாக்கா, முட்ட நோட்ட இப்டி கட்டிப் புடிச்சினு கீற?"

"ஆடிட் வருது."

"வரட்டுமே. நாம இன்னா முட்டைய முழுங்கிட்டமா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், வந்தது.

15.11.91, வெள்ளி

மாதக் கணக்கு பாக்கி. நோட்டை வீட்டுக்கே எடுத்துவர வேண்டியதாயிற்று. எழுதி முடித்து ட்ரங்கில் சேலைக்கு அடியில் வைத்தேன். அவர் ரசம் சாதம் நாலு வாய். ஐந்தாவது இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் பழைய பேப்பரை எடுத்துக்கொண்டார்.

16.11.91, சனி

டிக்கெட் கிடைத்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை, பகல் வண்டி. ஃபாரத்தை ஜன்னலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பாடா, ஒழிந்தது என்று நினைத்தேன். பஸ்ஸில் டிக்கெட்டை விரித்துப் பார்த்தால் அதிலும் இருக்கிறது. எதற்காகச் சலுகை என்று இங்கிலீஷில், சின்ன எழுத்தில். மை கொட்டி மறைக்கலாமா? டிக்கெட் செல்லாமல் போய்விட்டால்?

வீட்டில் நுழைந்ததும் கையை நீட்டினார். எந்தப் பயணமானாலும் டிக்கெட் அவர் சட்டைப் பையில்தான்.

"என்கிட்டயே இருக்கட்டும். மழைல நனைஞ்சிடும்."

"சரி."

அவ்வளவுதான். சரி என்று விடுகிற ஆளே இல்லை. சண்டை போடக்கூடத் தெம்பு இல்லாமல் போய்விட்டதே என்று பின்கட்டில் நின்று அழுதேன்.

20.11.91, புதன்

ஏரி நிரம்பிவிட்டதாம். துணி காயவில்லை. மகள் தண்டலத்தில் என் அக்கா வீட்டில் இருப்பாள். ஒன்பதாம் வகுப்பு, அரைப் பரீட்சை வருகிறது. "அப்பாவுக்கு நெஜமா இன்னாம்மா?" என்று கேட்டாள். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள் என்றேன். வேறு என்ன சொல்ல?

எடுக்க: கஞ்சி மாவு, ஃப்ளாஸ்க், எக்ஸ்ரே, அவர் ஸ்வெட்டர், டாக்டர் கடிதம் (ஒட்டிய கவர்).

அவர் நல்ல சட்டைகள் இரண்டைப் பையிலிருந்து எடுத்துத் திரும்ப பீரோவில் வைத்தார். "எதுக்கு இத்தினி?"

22.11.91, வெள்ளி. ரயிலில்

எழுத்து ஆடுகிறது. ஜன்னல் சீட்டு அவருக்கு. எதிரே ஒரு அம்மாள், இட்லிப் பொட்டலத்தோடு.

பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். மடித்தபடியே நீட்டினேன். விரித்துப் பார்த்தார்.

"கேன்சர் பேஷன்ட் யாரும்மா இதுல?"

நல்ல மனுஷன்தான். மேல் பெர்த் கீழ் பெர்த் கேட்கிற அதே குரலில் கேட்டார். எதிர் சீட்டு அம்மாள் இட்லியை வாய் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "நான்தாங்க."

பரிசோதகர் குறித்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனார். திருவள்ளூர் வரை நான் நிமிரவில்லை. அப்புறம் அவர் என் பக்கம் சாய்ந்தார். குரல் இப்போது வெறும் காற்றுதான், காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"முட்ட நோட்டுல வெச்சிருந்தியே. வூட்டுக்கு எடுத்தாந்த அன்னிக்கே படிச்சிட்டேன்."

"அப்புறம் ஏங்க வந்தீங்க?"

"மழைல இவ்ளோ அலைஞ்சி வாங்கியாந்த. எப்டி வரலன்றது?"

கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரே பார்க்கட்டும். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சாய்ந்தார்.

"ஃபாரத்துல பின்பக்கம் படிச்சியா நீ? கூட வர்றவங்களுக்குச் சலுகை பேஷன்ட்டோட வந்தாத்தான். நீ தனியா திரும்பனா ஃபுல் சார்ஜ். அதுக்கு எடுத்து வெச்சிகீறியா?"

"ரெண்டு பேரும்தான் வருவோம்."

தலையை ஆட்டினார். இப்போது தூங்குகிறார்.

அரக்கோணம். மழை விட்டிருக்கிறது. திரும்பி வருவதற்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து எண்ணினேன். கால் டிக்கெட் இரண்டுக்குத்தான் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் வரப் போதும். ஒருத்தி மட்டும் வரப் போதாது.