நான்கு விரல் குறைந்த வார்

பாப்பா,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். பைலட் பயிற்சிக்குக் கேட்ட புத்தகங்கள், மேப், ஹெட்செட் எல்லாம் பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

தொடையில் கட்டிக்கொண்டு எழுதுகிற உன் பலகையின் வார் அறுந்திருந்தது. புதிதாகத் தைத்தேன். நமக்குள் பேச்சில்லாததால், தையல் கடை அளவு நோட்டிலிருந்த உன் பழைய பள்ளிச் சீருடை அளவுக்கே வெட்டிவிட்டேன். கொடியில் காயும் உன் பேண்ட்டில் சுற்றிப் பார்த்தேன். நான்கு விரல் எட்டவில்லை.

"தரையிலயே தடுக்கி விழுறவளுக்கு வானம் எதுக்கு" என்று நான் அன்றைக்குச் சொன்னதும் அப்படித்தான், ஆளைப் பார்க்காமல் சொன்னது.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

அப்பா

பி.கு.: போகிற வழியில் கடைக்கு வா. பேச வேண்டாம், நின்றால் போதும். அளவு டேப் என் கழுத்திலேயே இருக்கும்.