கழுவாத ஸ்பிரேயர்

ஆடி 9, வெள்ளி

என் தம்பி குணசேகரன் என் ஸ்பிரேயரை என்னைக் கேட்காமல் எடுத்துப்போய், களைக்கொல்லி ஊற்றித் தன் வயல் வரப்புக்கு அடித்துவிட்டு, சரியாகக் கழுவாமல் திரும்ப வைத்தான். போன சனிக்கிழமை. மகள் மாலதிக்கு ஸ்கேன் எடுக்க அவளோடு நான் தஞ்சாவூர் போயிருந்த நேரம். எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

ஞாயிறு மாலை அதே ஸ்பிரேயரில் வேப்பங்கொட்டைக் கரைசல் ஊற்றிக் கொல்லை முழுவதும் அடித்தேன். கத்தரி, வெண்டை, தக்காளி. கரைசல் நாற்றத்தில் வேறு வாடை தெரியவில்லை. செவ்வாய், தக்காளி இலை சுருண்டது. வெள்ளை ஈ என்று நினைத்தேன். புதன் மறுபடி அடித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே.

இன்று வெண்டை இலை எல்லாம் கோழிக்கால் மாதிரி. களைக்கொல்லி பட்ட வயலோரப் பருத்தியில் முன்பே பார்த்திருக்கிறேன். பூச்சி செய்கிற வேலை இல்லை இது. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தேன். அதே மருந்து வாடை. மனைவி சரோஜாவைக் கேட்டேன்.

"உங்க தம்பிதாங்க வந்து கேட்டாரு. இல்லேன்னு சொல்ல முடியுமா?"

முடியும். பதினோரு வருடம் ஒரு சொட்டு விஷம் படாத மண்.

ஆடி 10, சனி

மேல்காற்று ஓயவில்லை. கண்ணில் புழுதி. கத்தரித் தண்டு முறுக்கிக்கொண்டுவிட்டது. பொறிவண்டு ஒன்றுகூட கண்ணில் படவில்லை.

குணா வந்தான். உள்ளே வராமல் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"கழுவித்தாண்ணே வச்சேன்."

"எத்தனை தண்ணி?"

"ஒரு தண்ணி."

"சோப்பு போட்டியா?"

"அது என்ன பால் செம்பா?"

அவனே தொடர்ந்தான். "ஊரே இத அடிச்சுதான் சாப்பிடுது. உங்க ஒரு கொல்லைக்காக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க."

"என்ன மருந்துடா அது? பேரைச் சொல்லு."

"கடைக்காரரு குடுத்தாரு. டப்பா மோட்டார் கொட்டகையில கெடக்கும்."

செடிக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். நானும் திருத்தவில்லை.

ஆடி 11, ஞாயிறு

மாலதிக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு வந்த நாளிலிருந்து காலையில் கொல்லையில் தக்காளி பறித்து உப்புத் தொட்டுத் தின்பாள். விஷம் அடித்த பிறகும் தின்றாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நான்கு நாள்.

வந்த முதல் நாள் பழத்தோடு குழாயடிக்குப் போனாள். தடுத்தது நான். "கழுவ வேணாம்மா. நம்ம கொல்லைப் பழம். அப்படியே சாப்பிடு."

பெருமை.

வெள்ளி அன்று பழத்தையெல்லாம் பறித்துக் குழியில் போட்டுவிட்டேன். இன்று கேட்டாள்: "என்னப்பா, தக்காளி ஒன்னுகூட காணும்?"

"குரங்கு வந்துடுச்சும்மா."

சிரித்தாள். "விஷமில்லாத கொல்லைன்னு குரங்குக்குக்கூட தெரிஞ்சிருக்கு."

பிள்ளை அசைகிறதா என்று சரோஜாவை விட்டுக் கேட்டேன். அசைகிறதாம். ஒன்றும் இல்லை போலத்தான் இருக்கிறது. போல என்பது போதாது. மூன்று நாளாகத் தம்பியோடு வழக்காடிக்கொண்டு இதைச் சொல்லாமல் இருக்கிறேன்.

ஆடி 12, திங்கள். விடிந்ததும்

செடி அத்தனையும் பிடுங்க வேண்டும். நான். எருக்குழிக்குப் போகக் கூடாது, மாட்டுக்கும் கூடாது.

ஸ்பிரேயரை உடைக்க வேண்டும். நான்.

கொல்லைக்குள் வந்து, செடியைப் பார்த்து, 'நான் செய்தேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். குணா. அதுவரை அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன். சரோஜா சமாதானம் பேச வரக் கூடாது.

மோட்டார் கொட்டகையிலிருந்து டப்பாவை எடுத்து வர வேண்டும். குணா, எட்டு மணிக்குள். வராவிட்டால் நானே போய்.

டப்பாவோடு மாலதியைத் தஞ்சாவூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போக வேண்டும். நானும் சரோஜாவும். ஒன்பது மணி பஸ்.

பஸ் ஏறுவதற்குள், எதற்குப் போகிறோம் என்று மாலதியிடம் சொல்ல வேண்டும். நான்.