பேசாவிட்டால் அறுந்துவிடும் லைன்

செப்டம்பர் 4

வீட்டில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆபீஸுக்குக் கொண்டுபோனால் அசையமாட்டேன் என்கிறது.

இத்தனைக்கும் சின்ன நிரல்தான். மீட்டிங்கில் பேசுவதை அப்போதைக்கப்போது எழுத்தாகக் காட்டும். எழுத்தாக்கும் சர்வர் எங்கள் கம்பெனியுடையது, வேறு ஊர்க் கிளையில் இருக்கிறது. அதனுடன் ஒரு வெப்சாக்கெட் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். போனை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி. ஆனால் ஆபீஸிலிருந்து எது வெளியே போனாலும் ப்ராக்ஸி சர்வர் என்ற வாட்ச்மேன் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது.

மேனேஜரிடம் "குறிப்பெடுக்க வசதியா இருக்கும் சார்" என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். இடது காது போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது என்பது வீட்டில் இவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். காதில் மெஷின் வைத்தால் ஒருவர் பேசுவது கேட்கும். ஆறு பேர் பேசினால் பாத்திரம் உருளும் சத்தம்தான்.

செப்டம்பர் 5

பிரவுசர் வெளியே போகிறது, என் நிரல் போகவில்லை. நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புரிந்தது. யாரோ எழுதிவைத்ததை நான் எடுத்துப் போட்டிருக்கும் வெப்சாக்கெட் லைப்ரரி, கம்ப்யூட்டரில் ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்வதில்லை. நேரே போய்ச் சுவரில் மோதுகிறது. இதை ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அதைச் செய்தவர்கள் குறைந்தா போயிருப்பார்கள்?

செப்டம்பர் 8

நானே எழுதினேன். முதலில் ப்ராக்ஸியிடம் போய், இன்ன சர்வருக்கு ஒரு வழி திறந்துவிடு என்று கேட்கவேண்டும். அது சரி என்ற பிறகு அந்த வழிக்குள் வெப்சாக்கெட் பேச்சைத் தொடங்கவேண்டும். கேட்டேன். பதில் 407. அதாவது, நீ யார்?

எட்டு வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறேன். நான் யாரா?

செப்டம்பர் 9

நெட்வொர்க் பார்ப்பவரிடம் போனேன். ஆபீஸில் அவருக்குப் பூட்டு என்று பெயர்.

"லைவா எதுக்கும்மா? ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. சாயந்திரத்துக்குள்ள எழுத்தா வந்துடும், நிதானமா படிங்க."

மீட்டிங்கில் என்னைக் கேட்ட கேள்விக்குச் சாயந்திரம் போய்ப் பதில் சொல்லவா? இதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். அதில்தான் நான் இப்போது கைதேர்ந்தவள்.

செப்டம்பர் 10

ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு இவர் என்னவோ கேட்டார். "ஆமா" என்றேன். ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வியே இல்லையாம் அது.

செப்டம்பர் 12

என் தொல்லை தாங்காமல் பூட்டு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார். நிரலில் சேர்த்ததும் ப்ராக்ஸி வழிவிட்டது. "கேக்குதா?" என்றேன். திரையில் 'கேக்குதா' என்று வந்தது. அழுகை வந்துவிட்டது.

காபி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் இணைப்பு செத்துக் கிடக்கிறது. மறுபடி திறந்தேன். பேசினால் இருக்கிறது, கொஞ்சம் சும்மா இருந்தால் போய்விடுகிறது. என்ன பிழைப்புடா இது.

செப்டம்பர் 15

மறுபடி பூட்டிடம் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். "என்ன சார்?" என்றேன். மறுபடியும் கம்ப்யூட்டரிடமே சொன்னார். இன்னொரு தடவை கேட்டேன். அதே கதை. எனக்குள் ஏதோ தெறித்துவிட்டது.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க சார். எனக்குக் காது சரியா கேக்காது. அதுக்குத்தான் இந்தப் பாடு. மீட்டிங்ல யார் என்ன சொல்றாங்கன்னு தெரியாமலே உக்காந்திருக்கேன்."

அவர் நாற்காலியை முழுசாகத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் எதுவும் போகலைன்னா ப்ராக்ஸி லைனை அறுத்துடும்மா. ஆள் போயாச்சுன்னு நினைச்சுக்கும். நடுநடுவுல ஒரு பிங் அனுப்புங்க, இருக்கேன்னு சொல்ற மாதிரி. அது போதும்."

எழுந்தபோது, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சொல்லியிருக்கலாம்தான்.

செப்டம்பர் 16

பிங் சேர்த்தாயிற்று. நாள் முழுக்க லைன் அறுபடவில்லை.

செப்டம்பர் 18

மீட்டிங். மேஜை நடுவில் மைக், என் முன்னால் லேப்டாப். புதிய திட்டத்தை யார் எடுத்து நடத்துவது என்று பேச்சு. மேனேஜர் என் பக்கம் கை காட்டினார். அப்போது திரையில் ஒரு வரி ஓடியது.

"அவங்களையா? ஒண்ணு கேட்டா பதில் சொல்ல மாட்டாங்க. அவ்ளோ தலைக்கனம்."

நிமிர்ந்து பார்த்தால், டிசைன் பண்ணும் பெண் பக்கத்தில் இருந்தவரின் காதருகே சாய்ந்திருந்தாள்; அவள் கிசுகிசுத்ததுதான். இரண்டு தடவை படித்தேன். இதுபோல எத்தனையோ மீட்டிங்கில் சொல்லியிருப்பார்கள். நானும் சிரித்துத் தலையாட்டியிருப்பேன், இல்லையா?

"தலைக்கனம் இல்ல," என்றேன். "கேக்கலை. எனக்குக் காது போயிட்டிருக்கு. நீங்க சொன்னதைக்கூட இதுல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு என்னை நேராகப் பார்த்து, உதடு தெளிவாகத் தெரிகிற மாதிரி சொன்னாள்: "சாரிக்கா. நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

கோபம் இன்னும் போகவில்லை. அவள்மேல் பாதி, என்மேல் பாதி.

அக்டோபர் 6

திட்டம் என் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்று மீட்டிங்கில், கொடுத்திருக்கும் தேதிக்குள் அது முடியாது என்றேன். ஏன் முடியாது என்றும் சொன்னேன். டிசைனில் எங்கே இழுக்கும், டெஸ்டிங்கில் எங்கே இழுக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் முகத்தைத் தேய்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். திரையைப் பார்த்தேன்.

"கொஞ்சம் மத்தவங்களையும் பேச விடுங்கம்மா."