வாய்க்குள் ஒரு துண்டுப் புழுக்கொடியல்

நயினாதீவில், உமது வீட்டு முற்றத்தில் உம்முடைய அம்மா புழுக்கொடியல் காயவிட்டிருக்கிறார். அவித்துப் பிளந்த பனங்கிழங்கு வெயிலில் சுருங்கும்போது வருகிற மணம், கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புகையுமாக, படலையைத் திறந்தவுடனேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

"சாப்பிடும் பிள்ளை. அவளுக்குத்தான் உது எண்டால் பைத்தியம்," என்று சொல்லி, நன்றாகக் காய்ந்த ஒரு துண்டை அம்மா என் கையில் வைத்தார்.

கடித்தேன். கல்லைக் கடித்தது போலிருந்தது. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஏதோ பதில் சொல்லப் பார்த்தேன். சொல் வெளியே வரவில்லை. அம்மா சிரித்தார். அந்த நேரம் நீர் பக்கத்தில் வந்து இருந்ததுபோல எனக்குப் பட்டது.

இன்று பின்னேரம் நயினாதீவு இறங்குதுறையில் ஒரு கூட்டம். அதை நடத்துவதற்கு நான் வந்திருக்கிறேன். நான்! நீர் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்.

கம்பஸ் வாசலை எங்கள் வீட்டிலிருந்து முதலில் மிதித்தவள் நான். அங்கேயும் கடைசி வாங்கில் இருந்து, ஒரு கேள்வியும் கேட்காமலே பட்டம் வாங்கியவள். தீவுகளின் மாதர் சங்கங்களுக்கு உதவி செய்த அந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தபோது, கூட்டக் குறிப்பு எழுதுவதுதான் வேலை என்று அறிந்து எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதுகிறவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. கூட்டம் நடத்துவது உமது வேலை. இருவருக்கும் ஒரே வயது. மேசைகள் பக்கத்தில் பக்கத்தில்.

பட்டினத்திலிருந்து பஸ் ஏறினால், பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுச் சந்தி தாண்டும்வரை உமது வாய் ஓயாது. சேலை, படம், நயினாதீவுக் கடலில் படகு ஆடி உமக்கு வந்த சத்தி, மேலதிகாரியின் தும்மல் என்று எல்லாம் வரும். ஒருநாள் கொண்டக்ரருக்கே பொறுக்கவில்லை.

"தங்கச்சி, இந்த பஸ் ஓடுறது டீசலிலையோ, உங்கட வாயிலையோ?"

"டீசல் முடிஞ்சால் சொல்லுங்கோ அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன்," என்றீர். பஸ் முழுவதும் சிரித்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

அதே நீர் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டீர். ஒரேயொரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கைப்பைக்குள்ளிருந்து ஒரு துண்டுப் புழுக்கொடியலை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டு இருந்துவிடுவீர். அது சப்பி முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"இது என்ரை வாய்ப்பூட்டு," என்று எனக்கு விளக்கம் சொன்னீர். "நான் கதைக்கத் தொடங்கினால் அவை கதைக்கமாட்டினம். என்னை எனக்குத் தெரியும்தானே."

அந்தக் காலத்துக் கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளைத் துணி விரித்த மேசை, அதிகாரிகளுக்குக் கதிரை, வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை, கடைசியில் ஒரு சோடா. பெண்கள் வந்து கேட்டுவிட்டு, குடித்துவிட்டுப் போவார்கள். என்ன சொல்ல வந்தீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. நீர் கேட்டீர். கேட்டுவிட்டுக் காத்திருந்தீர். காத்திருப்பது ஒரு வேலை என்பதை நான் முதன்முதல் கண்டது உம்மிடம்தான்.

சரவணைக்கு அப்பால் அந்தக் கிராமம். சுற்றிவர உவர்த் தண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு மகேஸ்வரியக்காவின் வளவில் இருந்தது. அவர்தான் சங்கத் தலைவியும். கிணற்றடிப் பக்கத்து வீட்டார் தாங்களே அள்ளுவார்கள். வடலிக் காணிப் பக்கத்துப் பெண்கள் வாளியைத் தொடக் கூடாது. குடத்தை வைத்துவிட்டு, யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும். எத்தனை தலைமுறையாக அப்படி நின்றார்களோ தெரியாது. கிணற்றைத் திருத்திக் கட்ட நிறுவனம் முன்வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து, யார் எப்படி அள்ளுவது என்று தாங்களே முடிவு செய்தால் மட்டுமே கட்டலாம் என்று நீர் பிடிவாதமாக நின்றீர்.

முதல் கூட்டம் பிழையாய்ப் போனது. மேசை வேண்டாம், கதிரை வேண்டாம், எல்லோரும் சமமாக நிலத்தில் இருப்போம் என்று வேப்ப மரத்தின்கீழ் வட்டமாகப் பாய் விரித்தீர். கிணற்றடிப் பெண்கள் வந்து இருந்தார்கள். வடலிப் பெண்கள் பாயின் ஓரத்தில் நின்றார்கள். இருக்கவில்லை.

"இருங்கோவன் செல்லமக்கா," என்றீர்.

செல்லமக்கா மெலிந்த, உயரமான பெண். அவருடைய மகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள்.

"நிலத்தில இருக்கிறதுக்கு உங்கட கூட்டத்துக்கு வரவேணுமே தங்கச்சி? இவ்வளவு காலமும் நாங்கள் நிலத்திலதானே இருந்தனாங்கள்," என்றார். திரும்பி நடந்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

அன்று பஸ்ஸில் நீர் கதைக்கவில்லை. மண்டைதீவுச் சந்தியில்தான் வாய் திறந்தீர்.

"பாய் எனக்கு வடிவாத் தெரிஞ்சது. அவைக்கு எப்பிடித் தெரியுமெண்டு நான் கேக்கேல்லை."

அடுத்த முறை முதலில் அதைத்தான் கேட்டீர். வீடு வீடாகப் போய், "எப்பிடி இருந்து கதைப்பம்?" என்று மட்டும் கேட்டீர். பதில் செல்லமக்காவிடமிருந்து வந்தது. "அவரவர் தன்ரை தன்ரை கதிரையைக் கொண்டு வரட்டும். கதிரை இல்லாதவை இருக்கிறதைக் கொண்டு வரட்டும்."

அந்தப் பின்னேரத்தை என்னால் மறக்க முடியாது. ஒழுங்கையால் பெண்கள் கதிரைகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்கள். பிரம்புக் கதிரை, கை உடைந்த கதிரை, பள்ளிக்கூட வாங்கு, மீன் பெட்டி, ஒரு பனங்குற்றி. செத்தவீடு, கலியாணவீடுகளுக்கு இரவல் போகும்போது மாறிப்போகாமல் இருக்க, கதிரைகளின் அடியில் வீட்டுக்காரரின் முதலெழுத்து வர்ணத்தில் எழுதப்பட்டிருக்கும் அல்லவா? தலையில் கவிழ்த்துக் கொண்டு வந்ததால் அந்த எழுத்துகளெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தன. தேத்தண்ணிக் கடையடியில் நின்ற ஆண்கள், "ஆருக்கடி கலியாணம்?" என்று கத்தினார்கள். "உனக்குத்தான், பொம்பிளைதான் கிடைக்கேல்லை," என்று ஒருத்தி நடந்துகொண்டே சொன்னாள்.

செல்லமக்கா கொண்டு வந்தது ஒரு புது முக்காலி. அவருடைய புருஷன் பனை மரத்தில் அறுத்துச் செய்தது. சீவிய மரத்தின் மணம் இன்னும் போகவில்லை. அதை மகேஸ்வரியக்காவின் கதிரைக்கு நேரெதிரே வைத்து, சேலையைச் சரிசெய்து, மெல்ல இருந்தார். இருவருடைய கண்களும் ஒரே உயரத்தில் வந்தன. என் பேனை நின்றுவிட்டது.

"இந்தக் கிணத்துத் தண்ணியை எப்பிடி அள்ளுவம்?" என்று கேட்டீர். இருந்தீர். துண்டை வாய்க்குள் போட்டீர்.

ஆடு கத்தியது. வேப்பம் பழம் ஒன்று விழுந்தது. மகேஸ்வரியக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, தொடங்குமன்."

நீர் உப்பிய கன்னத்தைத் தொட்டுக் காட்டி, ஏலாது என்று தலையாட்டினீர். வட்டம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் செல்லமக்கா சொன்னார்.

"நேற்று ரெண்டு குடத்தோட நிண்டனான். வெயில் ஏறி, சாய்ஞ்சும் போட்டுது. வீட்டில பச்சைப் பிள்ளை. குளிக்க வாக்கத் தண்ணி இல்லை."

"நான் கோயிலுக்குப் போட்டன். கேட்டிருக்கலாமே?" என்றார் மகேஸ்வரியக்கா.

"ஆரிட்டக் கேக்கிறது? கிணத்திட்டயோ?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மகேஸ்வரியக்காவின் முகம் சிவந்தது. நான் உம்மைப் பார்த்தேன். இப்போது ஏதாவது சொல்லி ஆறுதல்படுத்துவீர் என்று நினைத்தேன். உமது தாடை மட்டும் அசைந்தது.

"நான் என்ன, நாள் முழுக்க வாளியோட நிக்கிறதோ? எனக்கும் இடுப்பும் நாரியும் நோகுது," என்றார் மகேஸ்வரியக்கா.

"அப்ப ஏனம்மா ஊத்துறியள்?" என்றார் செல்லமக்கா.

மகேஸ்வரியக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு மெதுவாக, "சரி. வாளியை வெளியில விட்டுட்டு நான் உள்ளுக்குப் போறன். ஆர் அள்ளினாலும் நான் பாக்கேல்லை," என்றார்.

முடிந்தது என்று நான் எழுதப் போனேன். செல்லமக்கா விடவில்லை.

"நீங்கள் பாக்கவேணும். நீங்கள் பாத்துக்கொண்டிருக்க அள்ளவேணும். களவா அள்ள நான் வரேல்லை."

மகேஸ்வரியக்கா எழுந்தார். கதிரையைத் தூக்கித் தலையில் வைத்தார். போகிறார், எல்லாம் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். கிணற்றடிப் பெண்கள் இரண்டு பேர் தங்கள் கதிரைகளையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் நடந்தார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. நீர் அசையவில்லை. உமது கண்களில் தண்ணீர் நின்றது.

மகேஸ்வரியக்கா வீட்டுக்குப் போகவில்லை. கிணற்றடிக்குப் போய், துலாவுக்குப் பக்கத்தில் கதிரையை இறக்கி, அதில் இருந்தார்.

"வா செல்லம். அள்ளு. நான் பாக்கிறன்."

செல்லமக்கா எழுந்து போன நடையை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. துலா தாழ்ந்தது. வாளி தண்ணீரில் அடித்த சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றைச் சுற்றி இருந்தார்கள், கோயிலில் தீபாராதனை பார்ப்பதுபோல. குடம் நிரம்பி வழிந்தது. செல்லமக்கா நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் உம்மிடம் கேட்டேன்: "அவ எழும்பேக்கயும் எப்பிடி ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தனீர்?"

"இஞ்சேரும், உமக்கு உண்மை சொல்லுறன். கூப்பிடத்தான் வாயெடுத்தனான். புழுக்கொடியல் தொண்டைக்குள்ள போட்டுது. கண்ணில தண்ணி வந்தது அதாலதான்."

சிரித்துக்கொண்டு சொன்னீர். அது உண்மையோ, உமது வழக்கமான பகிடியோ, நான் இன்றுவரை அறியேன். எதுவாக இருந்தாலும் என் வியப்புக் குறையவில்லை. நான் வாய் திறக்காமல் இருந்தது பயத்தால். சொல்வதற்கு அவ்வளவு வைத்திருந்த நீர் வாய் திறக்காமல் இருந்தது, அங்கே இன்னொருவர் இருப்பதற்காக.

பிறகு அந்தக் கிழமை வந்தது. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் படகு விடாத கிழமை. காய்ச்சலோடு ஊரில் படுத்திருந்தீர். ஒரேயொரு படகு போனதாம். ஆஸ்பத்திரிக்கு வர அதில் உமக்கு இடம் கிடைக்கவில்லையாம். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்றைய கூட்டம் அதைப் பற்றித்தான். எந்தப் படகிலும் நோயாளிக்கு ஓர் இடம் எப்போதும் ஒதுக்க வேண்டுமா என்று ஊரார் கூடிப் பேசப் போகிறார்கள். படகுக்காரரும் வியாபாரிகளும் வருகிறார்கள். அந்தக் கிழமை இறங்குதுறையில் நடந்ததை அம்மா இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. காலை முழுவதும் நான் ஒரு பேச்சை மனதுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தேன், அம்மாவுக்காக நானே சொல்லிவிடலாம் என்று. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. அம்மா முன்னால் நடக்கிறார். தலையில் உங்கள் வீட்டுப் பிரம்புக் கதிரை கவிழ்ந்திருக்கிறது. அதன் அடியில் நீல நிறத்தில் உமது அப்பாவின் முதலெழுத்து. நான் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்டுவிட்டு, அம்மா கைப்பைக்குள் போட்டுவிட்ட துண்டுகளில் மிகக் காய்ந்ததாகப் பார்த்து எடுப்பேன். "பிள்ளை, தொடங்குமன்," என்று யாராவது சொன்னால், கன்னத்தைத் தொட்டுக் காட்டுவேன்.