பெயரில்லாத ஆட்டக்காரன்

ஜூலை 8
இரண்டு முட்டியும் வீக்கம். நேற்று பேஸ்பால் ஆட்டத்தில் ஒன்பது சுற்றும் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தேன். இன்று காலை எட்டு மணிக்குப் புள்ளியியல் வகுப்பு. முப்பத்திரண்டு வயதில் இது தேவையா? ரெனாட்டாவுக்காகத்தான் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரட்டை ஷிஃப்ட் பார்க்கிற மனைவியிடம் எத்தனை வருடம்தான் "அடுத்த சீசன் பெரிய லீக்" என்று சொல்வது?

டீச்சர் ஹால்வர்சன் எல்லாவற்றையும் பேஸ்பாலை வைத்தே நடத்துகிறார். எனக்கு வசதி என்று நினைத்தேன். இல்லை.

ஜூலை 17
வகுப்பில் தூங்கிவிட்டேன். குறட்டையாம்.

ஜூலை 29
பத்து ஆட்டமாகத் தொட்டதெல்லாம் பொன். மேனேஜர் ஸ்கிப் தோளில் தட்டினார். "வர்ற வருஷமும் நீதான்டா. சீசன் முடியிறதுக்குள்ள முடிவச் சொல்லு."

வகுப்பில் பீற்றிக்கொண்டேன். ஹால்வர்சன் சிரித்தார். "ஒரு காசப் பத்து தடவ சுண்டுங்க, வெர்னன். எட்டு தலை விழலாம். அதுக்காக அந்தக் காசு கெட்டிக்காரக் காசா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் வீடு வரும்வரை எரிச்சல். இந்தம்மா ஒரு பந்தையாவது தொட்டிருக்குமா?

ஆகஸ்ட் 5
நாலு ஆட்டம். ஒரு அடிகூட இல்லை. அந்தம்மா வாய் முகூர்த்தம்.

ஆகஸ்ட் 14
தேர்வு. கடைசிக் கேள்வியில், பெயர் நீக்கிய ஓர் ஆட்டக்காரரின் ஏழு வருடக் கணக்கு. "இவரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாமா? காரணம் கூறுக." மட்டையடிச் சராசரி வருடா வருடம் இறங்குகிறது. பாவம், யாரோ என்று எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் வருடத்தில் பத்தொன்பதே ஆட்டம்.

என் கட்டைவிரல் உடைந்த வருடம்.

நான்தான் அது. எழுந்து போயிடலாமா? அந்தப் பத்து ஆட்டத்த மட்டும் காட்டி வாதாடலாமா? — அது பொய்யின்னு இப்போ தெரியுதே. ஏன்தான் படிச்சேனோ.

"வேண்டாம். இந்தச் சரிவு தற்செயல் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 19
அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். லீக்கின் பழைய கணக்குகளிலிருந்து கணினி ஏதோ ஓர் ஆளைப் பொறுக்கி, பெயரை நீக்கித் தந்ததாம். யாரென்று ஹால்வர்சனுக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை.

ரெனாட்டா விடைத்தாளைப் படித்தாள். "யாரு வெர்ன் இது? ரொம்பக் கறாரா எழுதிட்டியே."

"தெரிஞ்சவன்தான்."

செப்டம்பர் 3
கடைசி ஆட்டம். தோற்றோம். ஸ்கிப் தன் அறைக்குக் கூப்பிட்டார். "என்னடா, வர்ற வருஷம்?"

"முட்டிக்கு ஓய்வு வேணும், ஸ்கிப்."

"எத்தன வாரம்? சொல்லு, பாத்துக்கலாம்."

கையுறையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.