தோற்றவனுக்கு ஏது பேர்

ஞாயிறு இரவு, வளைகுடாவின் சோனாப்பூர் தொழிலாளர் முகாம்.

இன்று லீவு. ரூமில் மூவரும் கைபேசியில் கிரேக்க, ரோமானியப் படைகளைப் பற்றிய வீடியோ பார்த்தோம். ரோமர்கள் வென்றாலும் கிரேக்கர்களிடம்தான் பாடம் படித்தார்கள் என்றான் யாழ்ப்பாணத்து யோகன்.

"கடைசியில ஜெயிச்சது ரோமன்தானே? தோத்தவனுக்கு ஏதுய்யா பேரு?" என்று முருகேசன் சிரித்தான்.

யோகன் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "சண்டையில செத்த என்ர தம்பிக்குப் பேர் இருந்தது. தெரியுமோ உனக்கு?"

எங்களுக்குத் தெரியாது. இத்தனை நாளில் அவன் சொன்னதே இல்லை. நான் நடுவில் புகுந்து விலக்கினேன். முருகேசன் மன்னிப்புக் கேட்டும் யோகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.

காலையில் இருவரும் ஒரே கட்டடச் சாரத்தில் ஏற வேண்டும். முருகேசனின் பாதுகாப்புக் கயிற்றை யோகன்தான் பிடிப்பான். ஃபோர்மேனிடம் சொல்லி ஆளை மாற்றலாமா என்று கேட்டேன். "வேணாம்ணே, அவனே பிடிக்கட்டும்" என்கிறான் முருகேசன்.